உடையார்குடிக் கல்வெட்டின் ‘அசல் மைப்படி’யை 4,000 ரூபாய்க்கு வாங்கலாமா?

கேள்வி: மயிலாடுதுறையில் ஒரு சின்ன வாசகர் வட்டம் நடத்துகிறேன். போன மாதம் ஒரு மர்ம நாவல் படித்தோம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொல்ல ஏவியவர் யார் என்பது கோயில் கல்வெட்டிலேயே இருந்ததாம். சைவ மடம், அர்ச்சகர் குடும்பம் என்று ஒரு ரகசியக் கூட்டம் அந்த வரியைத் தலைமுறை தலைமுறையாக மறைத்து வருகிறதாம். பாதிப் பேர் “அத்தனையும் ஆதாரத்தோடு எழுதியிருக்கிறார்” என்கிறார்கள், மீதிப் பேர் “கோயிலைக் கேவலப்படுத்தும் புளுகு” என்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர், அந்தக் கல்வெட்டின் ‘அசல் மைப்படி’ (கல்லெழுத்தைத் தாளில் ஒற்றி எடுத்த படி) தன்னிடம் இருக்கிறது, 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கிப் பார்த்துவிட்டால் சண்டை தீருமா? நாங்களாகவே சரிபார்க்க வழி உண்டா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்தக் கல்வெட்டின் முழு வாசகமும் அச்சாகி 90 வருடம் ஆகிறது. உட்கார்ந்த இடத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

கல்வெட்டு உண்மை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. கும்பகோணம் பக்கத்து உடையாளூர் வேறு ஊர், அதற்கு ஆட்டோ பிடித்துவிடாதீர்கள். கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையில் இதன் எண் 1920ஆம் வருடம் 577. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் பதிப்பித்து, எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு இதழின் 21ஆம் தொகுதியில் வெளிவந்தது. “பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான” என்று தொடங்கி சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், அவன் தம்பி பரமேஸ்வரனான இருமுடிசோழ பிரம்மாதிராஜன், உடன்பிறந்த மலையனூரான் என்று பெயர்களை அடுக்குகிறது. ஆக, ‘மறைக்கப்பட்ட பெயர்கள்’ ஆயிரம் வருடமாகப் பொதுச் சுவரில், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

உங்கள் வட்டத்தில் இரண்டு கட்சியும் தவறவிடுவது வேறொன்று. இது கொலை வழக்குத் தீர்ப்பு அல்ல, ஒரு கிரயப் பத்திரம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்து (காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர்) ஊர்ச் சபைக்கு அரசன் ஸ்ரீமுகம், அதாவது ஆணைக் கடிதம், அனுப்புகிறான்: இந்தத் துரோகிகள், அவர்கள் தம்பிமார், மக்கள், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று இத்தனை பேர் உடைமையையும் விற்றுக் கருவூலத்தில் சேருங்கள் என்கிறான். அப்படி விலைக்கு வந்த நிலத்தை வியாழ கஜமல்லன் என்பவர் வாங்கி அறத்துக்கு விட்டார். அந்த அறத்துக்கு ஆதாரமாகத்தான் இதையே கல்லில் வெட்டினார்கள். பத்திரத்தில் ‘இந்தச் சொத்து எனக்கு எந்த வழியில் வந்தது’ என்று முன்கதை எழுதுவோமே, கொலைச் செய்தி அந்த இடத்தில்தான் வருகிறது. கொலை எங்கே நடந்தது, எப்போது, எதற்காக, யார் ஏவினார், கொன்றவர்களுக்கு உடல் தண்டனை உண்டா இல்லையா, இதில் ஒன்றுகூட அதில் இல்லை. நாவலில் இந்த ஐந்தில் எதற்கு விடை வந்தாலும் அது நாவலாசிரியர் கொடுத்த விடை. கதைக்கு அந்த உரிமை உண்டு. பின்னட்டையில் ‘கல்வெட்டு ஆதாரம்’ என்று போடும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

அடுத்தது, ‘பதினாறு வருடம் ஏன் தாமதம்?’ என்ற துருப்புச் சீட்டு. கரிகாலன் இறந்தது 969ஐ ஒட்டி என்பது ஆய்வாளர் கணக்கு. பிறகு உத்தம சோழன் ஆட்சி. 985இல் கரிகாலனின் தம்பி ராஜராஜன். கல்வெட்டோ ராஜராஜனின் 2ஆம் ஆண்டு. ஆகவே உத்தம சோழன் கொலையாளிகளைக் காப்பாற்றினான், அவனே ஏவினான் என்று ஒரு கட்சி. சாஸ்திரியாரே உத்தமன்மேல் சந்தேகப்பட்டவர்தான். திருப்புறம்பியத்துக்காரரான சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். இது இரண்டு பெரிய அறிஞர்களின் கருத்து வேறுபாடு, சதி அல்ல. பத்திரத்தை மட்டும் பார்த்தால், அதில் இருக்கும் தேதி நிலம் விற்ற காலத்துக்கு உரியது. எப்போது பிடித்தார்கள், எப்போது பறிமுதல் செய்தார்கள் என்று அதில் இல்லை. ஜப்தியான நஞ்சை எத்தனை வருடம் கழித்து ஏலத்துக்கு வருகிறது என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. இன்னொன்று: உத்தம சோழன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனிடமே கோயில் காரியம் பார்க்கும் உயர் அதிகாரியாக இருந்தான். நாவல்கள் இந்த ஆளை வசதியாக மறந்துவிடுகின்றன.

‘பஞ்சவன்’ என்றால் பாண்டியன், ஆகவே ரவிதாசன் பாண்டிய ஒற்றன் என்பார்கள். அது சோழ அரசு கொடுத்த பட்டப்பெயராகவும் இருக்கலாம். ராஜராஜனுடைய தேவியருள் ஒருவர் பஞ்சவன்மாதேவி. அவருக்கு எடுத்த பள்ளிப்படை (சமாதிக் கோயில்) பட்டீஸ்வரம் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. தம்பிக்கு இருமுடிசோழ என்ற பட்டம் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், சோழ அரசின் அதிகாரிகள் என்பது வரைக்கும்தான் பட்டத்தை வைத்துச் சொல்ல முடியும்.

உங்கள் கூட்டத்தில் சாதிப் பேச்சும் வந்திருக்கும், எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். கொன்றவர்கள் பிராமண அதிகாரிகள். சரி. சொத்தை விற்பதைக் கண்காணிக்க அரசன் அனுப்பிய கொட்டையூர் பிரம்மஸ்ரீராஜனும் புள்ளமங்கலத்துச் சந்திரசேகர பட்டனும் பிராமணர்களே. விற்றுக் கொடுத்த சபையும் பிராமணச் சபை. இதில் ‘ஒரு சமூகமே சேர்ந்து செய்த சதி’ எங்கே இருந்து வரும்?

இங்கே ஒரு இடறல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொள்வார்கள். கல்வெட்டில் பல நேரம் அரசன் பெயரே இருக்காது, பட்டமும் ஆட்சியாண்டும்தான். உடையார்குடியில் சிக்கல் இல்லை. ‘ராஜகேசரி, 2ஆம் ஆண்டு’ என்றிருக்கிறது, கரிகாலன் கொலையும் பேசப்படுகிறது. கரிகாலன் தந்தை சுந்தர சோழனும் ராஜகேசரிதான். ஆனால் அவருடைய 2ஆம் ஆண்டில் மகன் உயிரோடிருந்தான். உத்தமன் பரகேசரி. மிஞ்சுவது ராஜராஜன் ஒருவனே. ஆனால் நாவலின் மற்ற ‘ஆதாரங்களில்’ வெறும் ‘பரகேசரி, 4ஆம் ஆண்டு’ என்று ஏதாவது வந்தால் உஷாராக இருங்கள். இந்தக் காலத்தில் அடுத்தடுத்து இரண்டு பரகேசரிகள்: ஆதித்த கரிகாலன், உத்தம சோழன். ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்ற அடைமொழி இருந்தால் கரிகாலன். அவன் கல்வெட்டுகள் 5ஆம் ஆண்டோடு நின்றுவிடும், எனவே ஆண்டு அதற்கு மேல் போனால் அவன் இல்லை. அடைமொழியும் இல்லாமல் ஆண்டும் 5க்குள் இருந்தால் எழுத்தமைதி (எழுத்தின் வடிவம்), அதில் வரும் அதிகாரிகள் பெயர் என்று பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். முதல் பராந்தகனும் பரகேசரி, அவனுடைய ஆரம்ப ஆண்டுகளும் இதே குட்டையைக் குழப்பும். கொலையுண்டவனின் கல்வெட்டைக் கொலைப்பழி சுமந்தவன் கணக்கில் எழுதி, அதன்மேல் ஒரு முழு அத்தியாயத்தையே கட்டிவிடலாம், தட்டிக்கேட்க ஆளிருக்காது. பெயரில்லாத பரகேசரியை வைத்து யாராவது வாதிட்டால், “எந்தப் பரகேசரி, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று கேளுங்கள்.

சரிபார்க்கும் வழி இதுதான். நாவல் கல்வெட்டு என்று சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் தனித்தாளில் எழுதுங்கள். ஊர், கோயில், அரசன், ஆட்சியாண்டு, ஆண்டறிக்கை எண் என்று ஐந்து கட்டம். எண் இல்லாததை அடித்துவிட்டுக் கதை என்று வையுங்கள். எண் இருப்பவற்றை, ராஜகேசரி என்றால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 13ஆம் தொகுதியிலும், பரகேசரி என்றால் 19ஆம் தொகுதியிலும், தஞ்சைப் பெரிய கோயில் என்றால் 2ஆம் தொகுதியிலும் முதலில் தேடுங்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு 3ஆம் தொகுதி. அதன் வடமொழிப் பகுதி, கரிகாலன் விண்ணுலகைக் காணும் ஆசையால் மறைந்தான் என்ற தோரணையில் நாசூக்காக நகர்ந்துவிடுகிறது. கொலை என்ற பேச்சே இல்லை. அரசனைப் பாடும் புகழ்ச்சிக் கவிதையில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் தேடிப் பாருங்கள். நேரில் போவதென்றால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், உங்களுக்குப் பக்கமாகச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கேளுங்கள்.

படிக்கும்போது ஒன்று கவனியுங்கள். ‘யாண்டு ௨ஆவது’ என்றிருந்தால் அந்த ௨ தமிழ் எண் 2. பிள்ளையார் சுழி அல்ல, ரகசியக் குறியும் அல்ல. சுவரில் எழுத்து சிதைந்திருந்தாலும் உடனே ‘அழித்துவிட்டார்கள்’ என்று பாயவேண்டாம். மேலே இருந்து நேராகக் கீழே ஒரு பட்டையாக எழுத்துப் போயிருந்தால் அது மின்கம்பிக் குழாய் பதித்த தடமாக இருக்கலாம். வரியின் நடுவில் இரண்டு மூன்று எழுத்து மட்டும் போயிருந்தால் கல் இணைப்பில் சிமெண்ட் பூசியதாக இருக்கலாம். முழுச் சுவரும் மழுங்கியிருந்தால் மணல் வீச்சாக (சுத்தம் செய்ய மணலை வேகமாக அடிப்பது) இருக்கலாம். திருப்பணியில் கல்லைப் பிரித்து அடுக்கும்போது வரிசை மாறிவிடுவதும் உண்டு. அப்போது ஒரு வாக்கியத்தின் பாதி வடக்குச் சுவரிலும் மீதி தெற்கிலும் கிடக்கும். எழுத்தைத் தின்றது பெரும்பாலும் கவனக்குறைவுதான்.

இனி அந்த 4,000 ரூபாய்ச் சரக்கு. மைப்படி என்றால் சுவரைத் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் எழுத்துக் குழிக்குள் இறங்கும்படி தட்டி, பாதி காய்ந்ததும் மேலே மையை ஒற்றி எடுப்பது. மை தாளில்தான் படும். எழுத்து வெள்ளையாக, சுற்றிலும் கறுப்பாக, இடமிருந்து வலமாக நேராகவே படிக்க வரும். தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவினால் எழுத்துப் புடைப்பு தெரியவேண்டும். வழவழவென்று இருந்தால் அது அச்சு நகல். உண்மையான மைப்படியாகவே இருந்தாலும் சிக்கல் தீராது, அனுமதியில்லாமல் கோயில் சுவரில் மைப்படி எடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. எந்த அனுமதியின் பேரில் எடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள், ஆள் திரும்பி வரமாட்டார்.

இவர்களே அடுத்த தடவை ஓலைச்சுவடியோடு வருவார்கள். நம் ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஓலை சில நூறு வருடம் தாங்கினாலே பெரிது. பத்தாம் நூற்றாண்டு ஓலை என்று யாராவது நீட்டினால் எழுந்து வந்துவிடலாம். எழுத்தையும் பாருங்கள். ஏகார ஓகாரத்துக்கு இரட்டைச் சுழிக் கொம்பு போடும் வழக்கம் வீரமாமுனிவர் காலத்தது, அதாவது 18ஆம் நூற்றாண்டு. ‘சோழர் காலத்து ஓலை’யில் ‘சோழன்’ என்று இன்றைய பாடப்புத்தகம் போல எழுதியிருந்தால் வேறு சோதனையே வேண்டாம். அரசனின் கொலை ரகசியம் நாடி ஓலையில் இருக்கிறது என்று வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் கூட்டிப்போகும் தரகர்களுக்கும் இதே பதில். செப்பேடு விற்க வந்தால் இன்னும் ஆபத்து. 100 வருடம் தாண்டிய பொருளும் 75 வருடம் தாண்டிய கையெழுத்துச் சுவடியும் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வது குற்றம். ஆசையாக வாங்கிவிட்டு விசாரணையில் நீங்கள்தான் நிற்பீர்கள்.

இந்த வியாபாரம் நடப்பதற்குத் தொல்லியல் துறையும் ஒரு காரணம். நூறு வருடத்துக்கு முன்பு படியெடுத்த எத்தனையோ கல்வெட்டுகளுக்கு இன்றுவரை ஆண்டறிக்கையில் ஆங்கிலத்தில் இரண்டு வரிச் சுருக்கம்தான் உண்டு, முழு வாசகம் அச்சேறவில்லை. தமிழ் மைப்படிகள் மைசூரில் கிடந்தன. சென்னைக்குக் கொண்டுவாருங்கள் என்று 2021இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போடவேண்டி வந்தது. பூட்டி வைத்த வீட்டைப் பற்றித்தானே ஊரில் கதை கிளம்பும்? சுருக்கம் மட்டுமே உள்ள எண் உங்கள் பட்டியலில் வந்தால், முழு வாசகம் கேட்டு இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். ஆண்டறிக்கை வருடமும் எண்ணும் தெளிவாக இருக்கட்டும். 30 நாளில் பதில் வரவேண்டும். ‘உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று வந்தால் சலித்துக்கொள்ளாமல் மேல்முறையீடு போடுங்கள், போட்டால்தான் அசைவார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு உடையார்குடி வாசகத்தை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் நாவலின் அந்த அத்தியாயத்தில் கல்லில் உள்ளதைப் பச்சையிலும், அறிஞர்களின் ஊகத்தை நீலத்திலும், கதாசிரியரின் சொந்தச் சரக்கைச் சிவப்பிலும் கோடிடட்டும். நாவல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு பேசுங்கள், அது வேறு கேள்வி. நேரில் பார்க்க ஆசைப்பட்டால் மயிலாடுதுறையிலிருந்து சிதம்பரம் போய்க் காட்டுமன்னார்கோயில் பேருந்து பிடியுங்கள். கோயில் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் எழுத்து எடுப்பாகத் தெரியும். விபூதியோ மாவோ சுண்ணாம்புக்கட்டியோ எழுத்தில் தேய்க்கவேண்டாம், தேய்க்கச் சொல்லும் வழிகாட்டிக்குக் காசும் கொடுக்கவேண்டாம்.