மெக்சிகோவின் எட்டு கிரெடிட் இங்கே எத்தனை?

கேள்வி: எம்.ஏ. தொல்லியல் முதலாண்டு படிக்கிறேன். வரும் ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரை மெக்சிகோவின் ஹலாபா நகரில், வெராக்ரூஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவியாகப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆறு மாதமாக ஸ்பானிஷ் கற்கிறேன். தட்டுத்தடுமாறித்தான் பேச வருகிறது. அங்கே எடுக்கும் மதிப்பெண் இங்கே செல்லுமா? எந்த விசா எடுப்பது? அம்மாவுக்கு அந்த ஊர் என்றாலே பயமாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதா? நம்மில் பலருக்கு அப்படித்தான். இனிஷியலை விரித்து எழுதிய அப்பா பெயர், சொந்தப் பெயரோடு ஒரே வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மெக்சிகோவில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயர், முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். முதலாவது அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. அங்குள்ள அலுவலர் நல்லெண்ணத்தில் உங்கள் பெயரை மூன்றாக வெட்டி, சேர்க்கைக் கடிதத்தில் போட்டுவிடுவார். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, கடிதத்தில் வேறு மாதிரி என்றால் தூதரகத்தில் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து, “இதில் உள்ளபடியே எழுதுங்கள், எனக்கு இரண்டாம் குடும்பப் பெயர் கிடையாது” என்று இன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். என்னிடம் யோசனை கேட்டு வந்த ஒரு மாணவருக்கு இந்த ஒரு திருத்தத்துக்கே மூன்று வாரம் ஆனது.

சரி, விசா. இங்கே நினைவில் வைக்க வேண்டிய கணக்கு 180 நாள். அதற்கு மேல் தங்காதவர்களுக்கு வருகையாளர் அனுமதி போதும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ விசாவே வேண்டாம் என்றும் யாராவது சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் எத்தனை நாள் என்பதை முத்திரை குத்தும் அதிகாரிதான் முடிவு செய்வார். 180 என்பது உச்சவரம்பு, உங்கள் உரிமை அல்ல. உங்கள் பருவத்துக்கு அங்கே ‘ஆகஸ்ட்–ஜனவரி’ என்று பெயர். வகுப்புகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும் என்றாலும், தேர்வு, மதிப்பெண் சான்று என்று நாள் இழுக்கும். சீக்கிரமே போய் மொழி வகுப்பில் சேர்வதாக இருந்தால் கணக்கு நிச்சயம் 180-ஐத் தாண்டும். அதனால் மாணவருக்கான தற்காலிகக் குடியிருப்பு விசாவுக்கே விண்ணப்பியுங்கள். சேர்க்கைக் கடிதத்தோடு வங்கிக் கணக்கு விவரமோ உதவித்தொகைச் சான்றோ கேட்பார்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. இந்த விசாவில் இறங்கும்போது அதிகாரி ‘காங்ஹே’ என்று குறித்து 30 நாள் தர வேண்டும். மாற்றிக்கொள்வது என்று பொருள். அந்த 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குப் போய், விசாவைக் கொடுத்து குடியிருப்பு அட்டை வாங்க நடையைத் தொடங்கிவிட வேண்டும். வரிசை நீளமாக இருக்கிறதே என்று அவசரத்தில் சுற்றுலாப் பயணியாக முத்திரை குத்திவிட்டால், பிறகு சரிசெய்வதற்குள் அலைந்து ஓய்ந்துவிடுவீர்கள். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் அந்த முத்திரையைப் படித்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கட்டும்.

இனி நீங்கள் கேட்ட மதிப்பெண் விஷயம். 1944-இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் 1996-இல் தன்னாட்சி பெற்றது. 1999 முதல் நெகிழ்வான பாடத்திட்ட முறைக்கு மாறியது. நம் ஊரில் இருப்பதுபோல ‘எங்க பேட்ச்’ என்று ஒரே அறையில் ஒரே கூட்டம் உட்கார்ந்திருப்பது அங்கே குறைவு. கால அட்டவணையை ஒவ்வொரு மாணவரும் தானே கட்டிக்கொள்கிறார். பாடத்தைப் பாடம் என்று சொல்வதும் இல்லை. ‘கல்வி அனுபவம்’ என்று கொஞ்சம் ஆடம்பரமான பெயர் வைத்திருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் அதைச் சொல்லிவிட்டு லேசாகச் சிரிப்பார்கள்.

கிரெடிட் கணக்கைப் பார்த்ததும் தலை சுற்றும். வாரத்துக்கு 4 மணி நேரத் தியரி என்றால் 8 கிரெடிட். நம் துறைத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, “ஒரே பேப்பருக்கு எட்டா?” என்று சந்தேகப்படுவார். விஷயம் இதுதான்: மெக்சிகோவில் ஒரு தியரி மணிக்கு 2 கிரெடிட், ஒரு செய்முறை மணிக்கு 1. இங்கே ஒரு தியரி மணிக்கு 1, இரண்டு செய்முறை மணிக்கு 1. விகிதம் ஒன்றேதான், அலகுதான் இரட்டிப்பு. 4 மணி தியரியும் 2 மணி செய்முறையும் உள்ள பேப்பருக்கு அங்கே 10 என்றால் இங்கே 5. பாதியாக்கினால் போதும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம் என்பதையும் குறித்து, கிளம்பும் முன் துறைத் தலைவரிடமும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திரும்பி வந்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால் ஒரு வருடம் போய்விடும்.

மதிப்பெண் 1 முதல் 10 வரை, முழு எண்ணில் மட்டும். 6 வந்தால் தேர்ச்சி. எட்டு வாங்கினால் அதை எண்பது சதவீதம் என்று எடுத்துக்கொள்வார்களா, இல்லையா என்பதையும் அதே தாளில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வருகைப் பதிவு 80 சதவீதம் இருந்தால்தான் முதல் கட்டத் தேர்வு எழுத முடியும். அதற்குக் கீழே போனாலோ, அதில் தவறினாலோ ‘எக்ஸ்த்ராஒர்தினாரியோ’ என்ற அடுத்த கட்டம், அதுவும் போனால் இன்னொன்று. அந்த ஊர் மாணவருக்கு அது வரம். உங்களுக்கோ அந்தத் தேர்வு தேதி வரும்போது விமான டிக்கெட் தேதி கடந்திருக்கும். முதல் தேர்விலேயே முடித்துவிடுங்கள்.

பாடம் எடுப்பது ஸ்பானிஷில்தான். ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மானுடவியல் புலத்தில் வாசிப்பு மிக அதிகம். 1957 முதல் நடந்துவரும் புலம் அது. தொல்லியல், சமூக மானுடவியல், மொழியியல் மானுடவியல், வரலாற்று மானுடவியல் நான்கும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், பேச்சு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வாசிப்புப் பட்டியல் ‘எமினுஸ்’ என்ற அவர்களது இணையதளத்தில் ஏறும். இல்லையென்றால் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். அறுபது பக்கக் கட்டு ஒன்று கைக்கு வரும், அடுத்த வகுப்புக்குள் படித்தாக வேண்டும். இதே பல்கலைக்கழகம் ஹலாபாவில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தனிப்பள்ளி நடத்துகிறது. முடிந்தால் ஒரு மாதம் முன்பே போய் அங்கே ஸ்பானிஷ் வகுப்பில் சேருங்கள். பிறகு நான்கு பாடங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். அதில் இரண்டு பாடமாவது கையால் வேலை செய்வதாக, பானை ஓடு தரம்பிரிப்பது மாதிரி, இருக்கட்டும். மேசையில் ஓடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு பேசும்போது வரும் ஸ்பானிஷ், எந்த வகுப்பிலும் வராது.

தொல்லியல் மாணவி என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது: ஹலாபா மானுடவியல் அருங்காட்சியகம் இந்தப் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். ஒல்மெக் என்பது மெக்சிகோவின் மிகப் பழைய நாகரிகங்களில் ஒன்று. இதுவரை தெரியவந்துள்ள 17 ஒல்மெக் கல் தலைகளில் 7 அங்கேதான் இருக்கின்றன. ஏழும் சான் லொரென்சோ என்ற ஒல்மெக் தலத்தில் கிடைத்தவை. கட்டடம் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும். கூடவே தோட்டமும் இறங்கும். கீழே ‘லாஸ் லிமாஸின் பிரபு’ என்று பெயர் வைத்த பச்சைக்கல் சிற்பம் ஒன்று உண்டு: சம்மணமிட்டு உட்கார்ந்த ஒருவர், மடியில் ஒரு குழந்தை. 1965-இல் கிராமத்துப் பிள்ளைகள் இருவர் மண்ணில் துருத்திக்கொண்டிருந்த வழவழப்பான கல்லில் கொட்டை உடைக்கப் போய், அது தலை என்று கண்டுபிடித்தார்கள். முதல் வாரத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். மூன்று மாதம் படித்த பிறகு திரும்பவும் போங்கள், அப்போது வேறாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் பல்கலைக்கழக வளாகத்தின் த்லக்னா அரங்கில் ஹலாபா சிம்பொனி இசைக்குழு வாசிக்கும். 1929-இல் தொடங்கிய குழு. மேல்நாட்டு இசை பிடிக்காவிட்டாலும் ஒரு முறை போகலாம்.

அம்மாவின் பயம் காரணமில்லாதது அல்ல. 2010-களில் வெராக்ரூஸ் மாநிலம் மோசமான ஆண்டுகளைப் பார்த்தது. பத்திரிகையாளர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஆனால் ஹலாபா மாணவர் ஊர். பகலில் நடமாட்டம் நிறைய. நீங்கள் செய்ய வேண்டியது: மாநிலத்துக்குள் பயணமெல்லாம் பகலில், அதுவும் நல்ல கம்பெனி பஸ்ஸில். இரவில் தெருவில் கைகாட்டி டாக்ஸி ஏறாமல், ஃபோனில் அழைத்து வரவழைப்பது. அறை, உங்கள் புலம் இருக்கும் மனிதவியல் (ஹியூமானிட்டீஸ்) வளாகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில். காலை ஏழு மணிக்கு ஒரு வகுப்பு, மாலை ஐந்துக்கு இன்னொன்று என்று அட்டவணை அமைந்தால், நடுவில் வீட்டுக்கு வந்துபோக முடிய வேண்டும். ஊர் முழுக்க மேடும் பள்ளமும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம். ‘சிப்பிசிப்பி’ என்று ஒரு தூறல் நாள்கணக்கில் விடாது. துணி காயாது. பருத்திச் சுடிதார் மட்டும் கொண்டுபோனால் கஷ்டப்படுவீர்கள்.

சைவமாக இருந்தால் ஒன்று: மதியச் சாப்பாட்டுக் கடைகளில் ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மட்டும் போதாது. பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம். ‘சின் மந்தேகா’, கொழுப்பு இல்லாமல், என்று சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். காரத்துக்குப் பயமில்லை. ஹலபேன்யோ மிளகாய்க்குப் பெயர் வந்ததே இந்த ஊரால்தான்.

நவம்பர் முதல் தேதி இரவு, பக்கத்து ஊரான நவோலிங்கோவுக்கு வகுப்புத் தோழர்கள் கூப்பிடுவார்கள். இறந்தோர் நாளுக்கு வீட்டுக்கு வீடு படையல் பார்த்துப் பாடிப்போவது அங்கே வழக்கம். கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்புவதாக இருந்தால் போய்வாருங்கள்.

அப்புறம், அம்மாவுக்கு ஒரு நேரம் சொல்லிவிடுங்கள். திருச்சியில் இரவு ஒன்பதரை என்றால் ஹலாபாவில் அதே நாள் காலை பத்து. 2022-இல் மெக்சிகோ கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டுவிட்டதால், அந்தப் பருவம் முழுக்க இந்தக் கணக்கு மாறாது. ஏழு மணி வகுப்பு முடிந்து, கையில் காப்பியோடு நீங்களும் வெளியே வந்திருப்பீர்கள்.