ஓடிக்கொண்டிருந்த எம்ஜிபி சட்டென்று நின்றுவிட்டதா? எஞ்சினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, என்னிடம் 1970-ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பர்ஃபோர்டு போகும் வழியில், ஏ40 ரோட்டில், நாலாவது கியரில் 50 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். சின்ன மேடு வந்தது, ஆக்சிலரேட்டரை மிதித்தேன், எஞ்சின் சட்டென்று அணைந்துவிட்டது. இருமலோ திணறலோ எதுவும் இல்லை. பதற்றத்தில் கிளட்சை மிதிக்கக்கூடத் தோன்றவில்லை, எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் படுத்துவிட்டது, வண்டி மட்டும் உருண்டுகொண்டிருந்தது. ஓரங்கட்டி ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. 20 நிமிடம் கழித்து ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகி 9 மைல் ஓடியது, மறுபடி நின்றது. கடைசியில் இழுத்துத்தான் வர வேண்டியதாயிற்று. இங்கே ஒரு மெக்கானிக், டைமிங் செயின் போயிருக்கும், எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு எஞ்சினைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். டைமிங் செயின் அறுந்தால் அறுந்ததுதான், 20 நிமிடம் ஆற விட்டால் தானாகச் சேர்ந்துகொள்ளாது. உங்கள் வண்டி ஒரே அடியில் எடுத்து 9 மைல் ஓடியிருக்கிறது என்றால் செயின், வால்வு, பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் எல்லாம் அந்த 9 மைலும் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. இருந்தாலும் மனசு கேட்கவில்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் பகுதி) மூடியின் இரண்டு கிளிப்பையும் விடுவித்துக் கழற்றுங்கள், வீட்டில் யாரையாவது ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள், உள்ளே ரோட்டார், அதாவது நடுவில் இருக்கும் சுழலும் துண்டு, சுற்றுகிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது செயின். ரோட்டார் சுற்றினால் செயின் அறுபடவில்லை என்று பொருள். இரண்டு நிமிட வேலை, இதைக்கூடப் பார்க்காமல் எஞ்சினை இறக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிய துப்பு. கிளட்சை மிதிக்கவில்லை, ஆனால் டாக்கோமீட்டர் முள் படுத்துவிட்டது என்கிறீர்கள். நாலாவது கியரில் வண்டி உருள்கிறது, கிளட்சும் பிடித்திருக்கிறது என்றால் எஞ்சின் நின்றிருக்க முடியாது, சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும், நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேலேயே இருந்திருக்கும். அப்புறம் ஏன் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது? உங்கள் வருட மாடலில் டாக்கோமீட்டர் எஞ்சின் சுற்றுவதை நேரடியாக அளப்பதில்லை. ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்சாரம் அந்த மீட்டர் வழியாகத்தான் போகிறது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறந்து மூடும்போது அந்த மின்சாரம் விட்டு விட்டு வருவதை எண்ணித்தான் முள் நகர்கிறது. எஞ்சின் சுற்றும்போதே முள் விழுந்தது என்றால் அந்த மின்சாரத் துடிப்பு நின்றுவிட்டது. அதாவது கோளாறு 12 வோல்ட் ஓடும் பக்கம், பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரையிலான வழியில் எங்கேயோ இருக்கிறது. பெட்ரோல் வராமல் நின்றிருந்தால், அல்லது பிளக் ஒயர், ரோட்டார் பக்கம் கோளாறு என்றால், வண்டியின் வேகம் குறையக் குறைய முள்ளும் மெதுவாகத்தான் இறங்கியிருக்கும்.

பெட்ரோல் இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் தீர்ந்து நிற்கிற வண்டி இப்படிச் சுவிட்சைத் தட்டியதுபோல் நிற்காது. இரண்டு எஸ்யூ கார்புரேட்டரின் கிண்ணத்திலும் இருக்கிற பெட்ரோல் தீரும் வரை இழுக்கும், இடறும், ஆக்சிலரேட்டரை விட்டால் கொஞ்சம் தேறும், மறுபடி திணறும், அப்புறம்தான் நிற்கும். ஆனாலும் சும்மா விட வேண்டாம், அடுத்த முறை நின்றதும் சாவியைப் போட்டுப் பின்பக்கம் காது கொடுங்கள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மின்சார பம்ப் டக் டக் என்று சில முறை அடித்துவிட்டு நிற்க வேண்டும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் டாங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கேயோ காற்று இழுக்கிறது. டாங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் பக்கம் இவ்வளவு போதும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வண்டியில் இருக்கும் 1798 சிசி எஞ்சினும், நம் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம், இரண்டுமே பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் பி சீரீஸ். அம்பாசடரைக் கட்டி மேய்த்த எந்த மெக்கானிக்குக்கும் தெரியும், அந்த எஞ்சின் சாகும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சாகும்: ஆயில் பிரஷர் குறையும், சத்தம் வரும், புகை வரும், தண்ணீர் கொதிக்கும். உங்கள் மீட்டரில் ஓடும்போது ஆயில் பிரஷர் 50-க்கு மேல் நிற்கிறது, சூடும் சரியாக இருக்கிறது என்றால் எஞ்சின் நல்லபடி இருக்கிறது என்றே நான் நம்புவேன். சட்டென்று அணைவது அதன் குணமே இல்லை, அது ஒயரின் குணம்.

சரி, ஒயர் போகும் வழியைப் பார்ப்போம். பேட்டரியிலிருந்து பழுப்பு நிற ஒயர் சாவி சுவிட்சுக்கு வருகிறது. அங்கிருந்து வெள்ளை ஒயர் டாக்கோமீட்டர் வழியாகக் காயிலுக்குப் போகிறது. காயிலின் மறுமுனையிலிருந்து வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட ஒயர் டிஸ்ட்ரிபியூட்டருக்கு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட், பாயிண்ட்டிலிருந்து அதைத் தாங்கும் தகடு, தகட்டிலிருந்து ஒரு குட்டி எர்த் ஒயர் வழியாக பாடிக்கு. இந்த நீளம் முழுக்க ஒரே சங்கிலிதான், எங்கே விட்டாலும் எஞ்சின் அந்த நொடியே அணையும்.

முதல் கேள்வி, சுவிட்ச் மின்சாரம் கொடுக்கிறதா இல்லையா. இதற்குக் கருவியே வேண்டாம். வண்டி நின்றதும் சாவியை அப்படியே வைத்துக்கொண்டு சிவப்பு சார்ஜிங் விளக்கு எரிகிறதா பாருங்கள், இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் அதே வெள்ளை ஒயரிலிருந்துதான் ஃபியூஸ் வழியாகப் பிரிகிறது. விளக்கும் இல்லை, இண்டிகேட்டரும் இல்லை, பம்ப் சத்தமும் இல்லை என்றால் சுவிட்சோ, அதற்கு வரும் பழுப்பு ஒயரோ போயிருக்கிறது. மூன்றும் வேலை செய்தால் சுவிட்சை விட்டுவிட்டு முன்னால் வாருங்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே இருக்கும் இரண்டு சின்ன ஒயர்களைத்தான். நீங்கள் மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அது வெறும் தற்செயலாக இல்லாமலும் இருக்கலாம். சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது கார்புரேட்டரின் உறிஞ்சலில் இயங்கும் வேக்குவம் யூனிட் பாயிண்ட் தகட்டை இழுத்துத் திருப்பி வைத்திருக்கும். மேட்டில் அழுத்தி மிதித்தால் வேக்குவம் குறையும், தகடு பழைய இடத்துக்குத் திரும்பும். ஐம்பது வருடமாக ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் விடும்போதும் அந்தத் தகடு இப்படி ஆடிக்கொண்டிருக்கிறது, அதோடு சேர்ந்து அந்த இரண்டு ஒயரும் மடங்கி மடங்கி நிமிர்கின்றன. ஒன்று காயில் ஒயர் பாயிண்ட்டுக்கு வரும் துண்டு, இன்னொன்று தகட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு சேர்க்கும் எர்த் துண்டு.

இப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. காயில், கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளை), பாயிண்ட் எல்லாம் புதிதாக மாற்றியும் நின்று நின்று போகிறது என்று கொண்டு வந்தார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எல்லாம் பளிச்சென்று இருந்தது, ஒயரின் மேல் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. விரல் நுனியால் அந்த ஒயரைப் பிடித்து லேசாக இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டது. செம்பு நீளாது, நீண்டது வெறும் உறை. உள்ளே செம்புக் கம்பி இற்றுப்போய், இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்திருக்கிறது. தொடும்போது ஓடும், விலகினால் நிற்கும், சூட்டில் விலகும், ஆறினால் சேரும். உங்கள் வண்டியிலும் முதலில் இதைச் செய்து பாருங்கள். வேக்குவம் குழாயின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் தகடு நகரும், அப்போது அந்த இரண்டு ஒயரும் எப்படி மடங்குகின்றன என்று கண்ணால் பார்க்கலாம். மாற்றும்போது சாதாரண ஒயரைப் போடாதீர்கள், மெல்லிய இழைகள் நிறைய உள்ள, நன்றாக வளையும் ஒயரையே போடுங்கள், இல்லையென்றால் கொஞ்ச நாளில் மறுபடி அறும்.

அண்மையில் யாராவது பாயிண்ட் மாற்றினார்களா? மாற்றியிருந்தால் ஒயர் முனை மாட்டும் திருகைப் பாருங்கள். ஒயர் முனைகள் பாயிண்ட் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், ஆனால் நடுத் திருகையும் தகட்டையும் தொடக் கூடாது, அதற்காகத்தான் அங்கே பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது. அடுக்கும் வரிசை மாறினால், அல்லது ஒயர் முனை லேசாகத் திரும்பி எதையாவது உரசினால், பாயிண்ட் திறந்தாலும் திறக்காத மாதிரிதான். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

அடுத்தது காயில். உங்கள் வண்டிக்கு வேண்டியது பலாஸ்ட் (மின்சாரத்தைக் குறைக்கும் தடை) இல்லாத 12 வோல்ட் காயில், ஒயர்களைக் கழற்றிவிட்டு இரண்டு சின்ன முனைக்கு நடுவே மல்டிமீட்டரில் அளந்தால் சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். 1974 கடைசிக்குப் பிறகு வந்த எம்ஜிபிக்களில் பலாஸ்ட் ஒயரோடு வேறு காயில் வந்தது, அது ஏறக்குறைய 1.5 ஓம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தெரியாமல் அதை உங்கள் வண்டியில் மாட்டினால் மின்சாரம் இரண்டு மடங்கு ஓடும், காயில் கை வைக்க முடியாதபடி சுடும், பாயிண்ட் கருகும், அரை மணி ஓடி நிற்கும், ஆறியதும் ஓடும். உங்கள் வண்டியின் அறிகுறியும் கிட்டத்தட்ட இதுதான், அதனால் கட்டாயம் அளந்து பாருங்கள். கண்டென்சரும் சூட்டில் இப்படிச் செய்யும். புதிது என்பதற்காக அதை நம்பிவிட வேண்டாம், இப்போது கடையில் கிடைக்கும் கண்டென்சர்களில் தரம் குறைந்தவை நிறைய.

ஆனால் இதையெல்லாம் வண்டி நல்லபடி ஓடும்போது சோதித்து ஒரு பயனும் இல்லை, எல்லாமே சரியாகத்தான் இருக்கும். நின்ற நிமிடத்தில் பிடிக்க வேண்டும். அதற்கு எளிய வழி ஒரு டெஸ்ட் லைட். ஒரு முனையைக் காயிலில் வெள்ளை ஒயர் வரும் பக்கத்தில் மாட்டுங்கள், இன்னொரு முனை பாடியில். நீளமான ஒயர் போட்டு, பல்பை உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன் கண்ணாடிக்குக் கீழே டேப் போட்டு ஒட்டிவிட்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். எஞ்சின் அணையும்போது பல்பும் அணைந்தால் கோளாறு சுவிட்ச், வெள்ளை ஒயர், அதில் இருக்கும் புல்லட் கனெக்டர்கள், டாக்கோமீட்டர், இந்தப் பக்கம். பல்ப் எரிந்துகொண்டே இருந்தால் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம்.

எரிந்துகொண்டிருந்தால் அங்கேயே இன்னொரு சோதனை. பல்பைக் காயிலின் மறு முனைக்கு மாற்றி ஸ்டார்ட்டர் அடியுங்கள். விட்டு விட்டு எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. அணையாமல் எரிந்தால் காயிலிலிருந்து வரும் ஒயரோ எர்த்தோ அறுந்திருக்கிறது, நான் மேலே சொன்ன ரப்பர் ஒயர். எரியவே இல்லை என்றால் காயில் உள்ளே விட்டிருக்கிறது, அல்லது கண்டென்சரோ பாயிண்ட் ஒயரோ பாடியில் ஷார்ட் ஆகிறது. இந்த வேலையெல்லாம் செய்யும்போது எஞ்சின் ஓடாமல் சாவியைப் போட்டே வைத்திருக்காதீர்கள், பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் நல்ல காயிலும் சுட்டுவிடும்.

ஒருவேளை நீங்கள் பார்த்தது தவறு, முள் மெதுவாகத்தான் இறங்கியது என்றால் ரோட்டாரைப் பாருங்கள். பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருக்கும் மலிவு ரோட்டார்களில், ஸ்பார்க் அந்த ரிவெட் வழியாகவே கீழே ஷாஃப்ட்டுக்கு இறங்கிவிடும். மூடியைக் கழற்றி, காயிலின் தடித்த ஒயரை இன்சுலேட்டட் பிளையரில் பிடித்து ரோட்டாரின் பித்தளைக்கு 3 மில்லிமீட்டர் மேலே வைத்து ஸ்டார்ட்டர் அடியுங்கள். ஸ்பார்க் தாவினால் ரோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டு ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டார் வாங்கிப் போடுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது.

வழியில் நின்று, சுவிட்ச் நன்றாக இருக்கிறது, கோளாறு அதிலிருந்து காயிலுக்கு வரும் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டால் வீடு வந்து சேர ஒரு வழி உண்டு. ஃபியூஸ் பெட்டியில் வெள்ளை ஒயர் வரும் முனையிலிருந்து காயிலின் அதே முனைக்கு ஒரு தனி ஒயர், நடுவில் ஃபியூஸோடு. டாக்கோமீட்டர் வேலை செய்யாது, ஆனால் எஞ்சின் ஓடும், சாவியைத் திருப்பினால் நிற்கவும் செய்யும். பழுப்பு ஒயரிலிருந்து எடுக்காதீர்கள், சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது.

ஒரு வேண்டுகோள்: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது போயிருந்தது என்று தெரியாமலே போய்விடும், புதிதாகப் போட்டதில் ஒன்று கெட்டது என்றால் இரண்டு கோளாறு. முதலில் அந்த ஒயரை இழுத்துப் பாருங்கள், காயிலை அளந்து பாருங்கள், அப்புறம் டெஸ்ட் லைட்டோடு ஓட்டுங்கள். நிற்கும்போது பல்ப் எரிந்ததா அணைந்ததா, காயில் எத்தனை ஓம் காட்டியது, இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள், மீதியை அங்கிருந்து பார்ப்போம்.