வாசகர் கேள்வி: மஞ்சள் சட்டை கைமாறிய நாள்

கேள்வி: 2022 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் சட்டையை அணிந்திருந்த பொகாச்சார் ஒரே நாளில் சரிந்தது உடல்தளர்ச்சியாலா, எதிரணி வியூகத்தாலா?

பதில்: வியூகம் வரவழைத்த தளர்ச்சி என்பேன். அந்த நாளின் ஓட்டமான 11-ஆம் கட்டத்தில், கலிபியே மலையேற்றத்தில், ஜம்போ-விஸ்மா அணியின் ரோக்லிச்சும் விங்கெகோரும் மாறி மாறி முன்னே பாய, தம் அணியின் துணைவீரர்கள் பின்தங்கிவிட்ட நிலையில் பொகாச்சார் இருவரையும் தாமே துரத்த வேண்டியதாயிற்று. ஒட்டுமொத்த நேரத்தில் ரோக்லிச் ஏறக்குறைய மூன்று நிமிடமே பின்தங்கியிருந்ததால், அவரைப் போகவிடவும் வழியில்லை. அங்கே செலவான வலு, கடைசி ஏற்றமான கிரானோனில் விங்கெகோர் பிரிந்து சென்றபோதுதான் வெளியே தெரிந்தது. அன்று பொகாச்சார் இழந்தது 2 நிமிடம் 51 விநாடி. பந்தயம் முடிந்த பாரிஸில் விங்கெகோரிடம் தோற்றதோ 2 நிமிடம் 43 விநாடியில். ஐந்தாம் கட்டத்தில் விழுந்து தோள்மூட்டு விலகியும் அந்தத் தாக்குதலில் பங்கேற்ற ரோக்லிச், பாரிஸுக்கு முன்பே பந்தயத்திலிருந்து விலகிவிட்டார்.