பெரிய பதவி எதுவும் இல்லாமலே விவசாயிகளுக்குத் தலைவராக இருந்த ஒரு விவசாயியைச் சொல்லுங்கள். அவர் அப்படி என்ன புதிதாகச் செய்தார்?

நெல் ஜெயராமன். கேள்வியைப் பார்த்ததும் வேறு பெயரே தோன்றவில்லை எனக்கு.

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் கட்டிமேடு அவர் ஊர். 1968இல் பிறந்தவர். பெரிய படிப்போ பெரிய நிலபுலமோ கிடையாது. நுகர்வோர் அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர், 2003இல் இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் நடத்திய பூம்புகார் - கல்லணை நடைப்பயணத்தில் கூடவே போனார். வழியில் சில விவசாயிகள் தங்களிடம் மிச்சமிருந்த பழைய நெல் விதைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றைப் பெருக்கும் பொறுப்பு ஜெயராமனிடம் வந்தது. அதற்கப்புறம் கடைசிவரை அவருக்கு அதுதான் வேலை.

அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் எண்ணிக்கையில்தான் தொடங்குவார்கள், கிட்டத்தட்ட 170 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார் என்று. சரிதான், பெரிய விஷயம்தான். ஆனால் சேகரிப்பு என்று மட்டும் பார்த்தால் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விதை வங்கியில் ஒரு லட்சத்துக்கும் மேல் நெல் மாதிரிகள் குளிரில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே போய் நம்ம ஊர் விவசாயி கேட்டு வாங்கி விதைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஜெயராமன் செய்த புதுமையை நான் பார்ப்பது அங்கேதான். 2006இல் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் இருக்கும் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கினார். வருகிற விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை இலவசம், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இதற்குள் எவ்வளவு யோசனை இருக்கிறது பாருங்கள். நெல் விதையை மூட்டையில் கட்டி வீட்டில் வைத்திருந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் முளைப்புத்திறன் போய்விடும், அதனால் ஒரு ரகம் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் யாராவது அதை விடாமல் விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஆள் ஒரே இடத்தில் அத்தனை ரகத்தையும் பாத்தி பிரித்துப் போட்டு வைத்திருந்தால் டெல்டாவில் ஒரு வெள்ளம் போதும், எல்லாம் போய்விடும். அதே விதை பல ஊர்களில், பல வயல்களில் இருந்தால் ஒரு இடத்தில் போனாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். 2 கிலோ என்பதும் சும்மா வைத்த அளவு கிடையாது. ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதையே போதும், அறுப்பில் சில நூறு கிலோவாவது நிச்சயம், அதில் 4 கிலோ கொடுப்பது யாருக்கும் பாரமில்லை. திரும்பி வரும் அந்த 4 கிலோ அடுத்த வருடம் இரண்டு பேருக்குப் போகும். காசு நடுவில் வரவே இல்லை.

மன்னார்குடி பக்கம் இருக்கும் என் மாமா அப்படித்தான் ஒரு வருடம் மாப்பிள்ளைச் சம்பா வாங்கி வந்தார். வயலுக்குப் போனபோது பயிர் பூத்து நின்றது, மாமா வரிசைக்குள் குனிந்து ஒவ்வொரு தூராகப் பார்த்துக்கொண்டு போனார். உயரம் மாறியதையும் கதிர் நிறம் மாறியதையும் கலவன், அதாவது கலந்துவிட்ட வேற்று ரகம் என்று வேரோடு பிடுங்கிக் கரையில் போட்டார். "எதுக்கு மாமா, நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். "நம்ம சாப்பாட்டுக்குன்னா விட்டுடலாம் மாப்ள, இது திருப்பிக் கொடுக்க வேண்டிய விதை. கலவன் இருந்தா வாங்கிட்டுப் போறவன் வயலும் கெட்டுப்போயிடும்ல" என்றார். அதுவரை மாமா இப்படி மெனக்கெட்டுக் கலவன் எடுத்து நான் பார்த்ததில்லை. முகம் தெரியாத இன்னொரு விவசாயிக்காக ஒருவரை வெயிலில் குனிய வைத்தது அந்த 4 கிலோ கணக்கு. தலைமை என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, எல்லா ரகமும் எல்லா நிலத்துக்கும் ஆகாது. தண்ணீர் தேங்கும் பள்ளக்காலுக்குக் காட்டுயானம், அது ஆள் உயரத்தையும் தாண்டி வளரும், ஆனால் ஆறு மாதப் பயிர். கடலோர உவர் நிலத்துக்குக் குழியடிச்சான். சீக்கிரம் அறுக்க வேண்டுமென்றால் பூங்கார். இந்த அறிவு விதையோடு சேர்ந்து கைமாறாவிட்டால் வாங்கிப் போனவர் ஒரே போகத்தில் கைவிட்டுவிடுவார். திருவிழா என்று ஆட்களைக் கூட்டியதில் அதுவும் நடந்தது, நட்டவரும் நடப்போகிறவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மகசூல் ஒட்டு மொத்தமாகக் குறைவுதான். உயரமான ரகங்களுக்கு யூரியாவைக் கொட்டினால் சாய்ந்துவிடும், 1960களில் குட்டை ரகங்கள் வந்ததும் இவை ஓரம் போனதற்கு அது முக்கியக் காரணம். செலவு குறையும், வைக்கோல் நிறையக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கவுனியையோ மாப்பிள்ளைச் சம்பாவையோ கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அதற்கென்று தனி விலை கிடையாது, வாங்குகிறவரை விவசாயியேதான் தேட வேண்டும். அப்புறம், இந்த அரிசி சர்க்கரையைக் குணமாக்கும், புற்றுநோயைக் குணமாக்கும் என்று சிலர் கிளப்பிவிடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நல்ல அரிசி, நல்ல விதை, அதற்கு மேல் பொய் எதற்கு?

ஜெயராமன் 2018 டிசம்பர் 6 அன்று சென்னையில் புற்றுநோயால் இறந்தார். வயது 50தான். அதற்கு மூன்று வாரம் முன்புதான் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தையே புரட்டிப் போட்டிருந்தது. அவரும் இல்லை, ஊரும் சிதைந்து கிடந்தது, ஆனாலும் ரகங்கள் போகவில்லை, ஏனென்றால் அவை அதற்குள் எத்தனையோ மாவட்டங்களில் யார் யார் வயலிலோ விளைந்துகொண்டிருந்தன. அடுத்த வருடமும் திருவிழா நடந்தது. 2021இல் தமிழக அரசு வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது, மரபு நெல் ரகங்களைப் பாதுகாக்கும் இயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தது.

நீங்கள் விதை வாங்கும் எண்ணத்தில் இருந்தால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் நிலம் மேடா பள்ளமா, தண்ணீர் எத்தனை மாதம் வரும் என்று முதலில் பாருங்கள். உங்கள் பக்கத்தில் ஏற்கனவே அந்த ரகத்தை நட்டவர் ஒருவரை நேரில் போய்ப் பார்த்து, அரிசியை எங்கே அரைத்தார், யாரிடம் விற்றார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் வருடம் கால் ஏக்கர் போதும்.