நியூட்ரல் இல்லாத போர்டில் ஸ்மார்ட் சுவிட்ச்

கேள்வி: எங்கள் வீடு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கட்டியது. விளக்கையும் மின்விசிறியையும் கைபேசியிலிருந்து இயக்க, சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தும் வைஃபை மாட்யூல் வாங்கினோம். போர்டில் நியூட்ரல் இல்லை என்பதால் எர்த் ஒயரையே அதற்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் எலெக்ட்ரீஷியன். அப்படிச் செய்யலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடவே கூடாது. பழைய வீடுகளில் பேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) மட்டுமே சுவிட்ச் வழியாக வந்து போகும்; நியூட்ரல் நேரே விளக்குக்குச் சென்றுவிடும். சாதாரண சுவிட்சுக்கு அது போதும். ஆனால் மாட்யூல், விளக்கு அணைந்திருக்கும்போதும் வைஃபையுடன் தொடர்பில் இருக்க வேண்டியிருப்பதால், அதற்கு எந்நேரமும் மின்சாரம் தேவை. அந்த மின்சாரம் திரும்பிச் செல்லும் வழிதான் நியூட்ரல். எர்த்தைக் கொடுத்தாலும் மாட்யூல் வேலை செய்யும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. எர்த் ஒயர் எங்காவது அறுந்தால், அதே ஒயரில் இணைந்துள்ள பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உலோக உடலில் மின்சாரம் ஏறக்கூடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) இருந்தால், இப்படி நான்கைந்து மாட்யூல்களின் கசிவு சேர்ந்து அது காரணமின்றி விழுவது போலத் தோன்றும். பிறகு யாராவது அந்த ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடுவார்கள்.

முதலில் அந்தப் போர்டில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நியூட்ரலும் அங்கே இருந்தாக வேண்டும். அது அதே சர்க்யூட்டைச் சேர்ந்ததா என்பதை, மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற ஒயர்மேன் உறுதி செய்யட்டும். வேறு சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலை இரவல் வாங்கினாலும் ஆர்.சி.சி.பி. விழக்கூடும். பிளக் பாயின்ட் இல்லையென்றால், பைப்பில் இடமிருக்கும்பட்சத்தில் ஒரு கருப்பு ஒயரைப் புதிதாக இழுப்பதே நல்லது. நியூட்ரல் தேவையில்லாத மாட்யூல்களும் கிடைக்கின்றன. ஆனால் அவை விளக்கின் வழியாகவே சிறு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வதால், குறைந்த வாட் எல்.இ.டி. பல்புகள் அணைத்த பிறகும் மங்கலாக எரியும் அல்லது சிமிட்டும். விளக்குக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டர் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்விசிறி பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) வகையானால் அதற்கு வேகத்தைக் குறைக்கும் மாட்யூலைப் பொருத்த வேண்டாம். அதன் வேகத்தை அதனுள் இருக்கும் சர்க்யூட்டே கட்டுப்படுத்துகிறது.

கேள்வி: இதே மாட்யூலை கீசருக்கும் ஏ.சி.க்கும் வைக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் மாட்யூல் கணக்கில் தாங்கும். காற்றோட்டமில்லாத போர்டுக்குள் தினமும் அரைமணி நேரம் சூடேறினால் தாங்குமென்று நான் நம்பமாட்டேன். 16 ஆம்பியர் அல்லது அதற்கு மேற்பட்டதையே வாங்குங்கள். மின்சாரம் போய்த் திரும்பும்போது கீசர் தானாக இயங்காதபடி, செயலியில் ‘அணைந்த நிலை’யைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ஏ.சி.யின் மின்சாரத்தை வெளியிலிருந்து துண்டித்து இணைப்பது கம்ப்ரஸருக்கு நல்லதல்ல. அதன் ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரை அனுப்பும் சிறு கருவி ஒன்றே அதற்குப் போதும்.