கம்ப்யூட்டரில் நெட் வருகிறது, ரவுட்டர் போட்டால் வரவில்லை, ஏன்?
கேபிள் மோடத்தை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினால் நெட் வருகிறது, புது ரவுட்டரை நடுவில் வைத்தால் வரவில்லை என்கிறீர்கள். அவசரப்பட்டு ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பல கேபிள் மோடம்கள் ஆன் ஆனதும் முதலில் பார்த்த கருவியின் மேக் (MAC) முகவரியையே, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணையே, பிடித்துக்கொள்ளும்; அடுத்து எதைச் செருகினாலும் ஐபி (நெட்டில் இணையத் தேவையான முகவரி) தராது.

மோடத்தின் பவர் வயரைப் பிடுங்கி இரண்டு நிமிடம் விடுங்கள். மோடத்திலிருந்து வரும் வயர் ரவுட்டரின் வான் (WAN, நெட் உள்ளே வரும்) போர்ட்டில்தான் இருக்க வேண்டும், லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) போர்ட்டில் அல்ல. மோடத்தை முதலில் ஆன் செய்து, ஆன்லைன் விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்த பிறகே ரவுட்டரை ஆன் செய்யுங்கள். ரவுட்டர் அமைப்பில் இணைப்பு வகை பெரும்பாலும் டிஎச்சிபிதான் (DHCP, ஐபி தானாகவே கிடைக்கும் முறை).

அப்புறமும் வரவில்லையா? ரவுட்டர் அமைப்பில் 'மேக் குளோன்' போட்டு, கம்ப்யூட்டரின் மேக் முகவரியையே கொடுங்கள்; மோடம் ரவுட்டரைப் பழைய கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். ரவுட்டர் அமைப்பில் காட்டும் வான் ஐபி 192.168.100 என்று தொடங்கினால், பெரும்பாலும் மோடமே இன்னும் கம்பெனியோடு இணையவில்லை. ரவுட்டரை விட்டுவிட்டு கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.