'வாவ் குளோன்' என்று சில ஆன்லைன் கேம்களைச் சொல்கிறார்களே, அது என்ன?

2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமின் சுருக்கப் பெயர்தான் 'வாவ்'. அதன் அமைப்பை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டு, கதையையும் உலகத்தையும் மட்டும் மாற்றி வந்த ஆன்லைன் ரோல்-பிளேயிங் (ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும்) கேம்களை வாவ் குளோன் என்பார்கள். தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு நிற்கும் கேம் பாத்திரத்திடம் போய் வேலை கேட்பது, அடி தாங்க ஒருவர், வைத்தியம் பார்க்க ஒருவர், அடிக்க மற்றவர்கள் என்று குழு சேர்வது, திரையின் அடியில் வரிசையாகப் பொத்தான்கள். விளையாடியவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஏன் இத்தனை நகல்கள்? காசுதான். 2010-ல் வாவுக்கு 1.2 கோடி சந்தாதாரர்கள் இருந்தார்கள். இந்த வகை கேம் செய்யப் பல வருட உழைப்பும் பெரிய முதலீடும் வேண்டும். அவ்வளவு பணம் போடுபவர், ஏற்கெனவே ஓடிய குதிரையைப் பார்த்துத்தானே போடுவார்?

ஆனால் கூட்டம் அலைமோதும் டீக்கடைக்கு எதிரே அதே மாதிரி இன்னொரு கடை போட்டால் என்ன ஆகும்? நாலு நாள் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம், சிநேகிதர்கள் உட்கார்ந்திருக்கும் பழைய பெஞ்சுக்கே திரும்பிவிடுவார்கள். இந்தக் குளோன்களுக்கும் அதே கதைதான். 2014-ல் வந்த வைல்ட்ஸ்டார் 2018-ல் மூடப்பட்டது. ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் 2011 டிசம்பரில் சந்தாவோடு வந்தது, ஒரு வருடத்துக்குள் இலவசமாகவும் ஆடவிட்டார்கள்.

குளோன் என்றதும் திருட்டு நகல் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நிரலும் படங்களும் அந்தந்த கேமைச் செய்தவர்களே உருவாக்கியவை. சொல்லப்போனால் வாவே 1999-ல் வந்த எவர்குவெஸ்ட் என்ற ஆன்லைன் கேமிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டதுதான்.